பத்து நிமிடத்துக்கு ஒரு பூட்டு

“போகணும்னு முடிவு பண்ணிட்டவன யாரால நிறுத்த முடியும்? இந்தக் கதவ அடைச்சா அந்தக் கதவு வழியா போகப்போறான்.”

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் யாராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ‘நாம கவனிச்சிருந்தா’ என்று மறுகிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, யார் கவனித்திருந்தாலும் இது நடந்தேதான் இருக்கும் என்று கேட்பதில் சற்று இளைப்பாறல் உண்டு. சுற்றியிருப்பவர்களுக்கும் அது நியாயமாகவே படும்.

அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் படுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தடுப்பு இருந்திருந்தால், அங்கே உயிரை விட்டவர்களில் எத்தனை பேர் வேறு வழி தேடிப் போயிருப்பார்கள் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நாடு தழுவிய கணிப்பில் கேட்டார்கள். 2006இல் முடிவு வெளியானது. 34 சதவீதம் பேர் “ஒருவர் விடாமல் எல்லோரும்” என்றார்கள். மேலும் 40 சதவீதம் பேர் “பெரும்பாலோர்” என்றார்கள்.

நான்கில் மூன்று பேர் நம்புவது உண்மையாக இருந்தால், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் அதைப் பூட்டி வைப்பதால் தற்கொலை குறையப் போவதில்லை. பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துச் சுட்டுவிடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவில் இந்தக் கேள்வி மிகப் பெரியது. 2022இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 48,000 பேர். சினிமா பார்த்துப் பழகிய மனதுக்கு உடனே தோன்றுவது கொள்ளையும் கொலையும். உண்மையில் அவர்களில் 27,000 பேர், பாதிக்கும் மேற்பட்டோர், தற்கொலையால் இறந்தவர்கள். பத்தில் நான்கு பெரியவர்கள் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழும் நாடு அது.

ஒரு பூட்டால் இதில் என்ன செய்துவிட முடியும்? நிறையவே முடியும் என்கின்றன ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் சான்றுகள். அவை வந்த வழி விசித்திரமானது. முதல் சான்று, தற்கொலையைத் தடுக்கும் எண்ணமே இல்லாத ஒரு மாற்றத்திலிருந்து கிடைத்தது.

யாரும் திட்டமிடாத சோதனை

ஐம்பதுகளின் பிரிட்டனில் வீட்டு அடுப்புக்கு வந்த வாயு நிலக்கரியிலிருந்து எடுத்தது. அதில் நச்சு கலந்திருந்தது. அறுபதுகளில் வாயு தயாரிக்கும் முறை மாறி நச்சு குறையத் தொடங்கியது. எழுபதுகளில் வட கடலில் கிடைத்த இயற்கை எரிவாயு நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. விலையும் வசதியும் பார்த்துச் செய்த மாற்றம் அது. தற்கொலையைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963இல் 5,714 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 1975இல் 3,693 பேர். வேலையில்லாத் திண்டாட்டம் கூடிக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவின் மற்றப் பல நாடுகளில் தற்கொலை ஏறிக்கொண்டிருந்தது. அப்படியும் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நார்மன் கிரைட்மன் என்ற மனநல மருத்துவர் 1976இல் இந்தச் சரிவின் தொடக்க ஆண்டுகளைப் பிரித்துக் காட்டினார். குறைந்தவை பெரும்பாலும் வாயு சார்ந்த மரணங்கள். ஒரு கதவு மூடியது. மற்றக் கதவுகளின் முன்னால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் நெருக்கடி நேரத்தில் கைக்கு எட்டாமல் செய்வதைக் ‘கருவி விலக்கல்’ என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். நோயின் வேரைத் தீர்ப்பது இதன் வேலை இல்லை. கடன், காதல் முறிவு, தேர்வுத் தோல்வி, மனச்சோர்வு எல்லாம் அப்படியேதான் இருக்கும். அந்த மனிதர் நாளைக்கும் உயிரோடு இருப்பார். வேரைத் தீர்க்க அவகாசம் கிடைக்கும்.

முடிவுக்கு ஆயுள் எவ்வளவு?

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர மருத்துவமனையில், தற்கொலை முயற்சிக்குப் பின் பிழைத்த 82 பேரிடம் மருத்துவர்கள் பேசினார்கள். ‘இப்போதே செய்துவிட வேண்டும்’ என்ற எண்ணம் அன்று முதலில் எழுந்ததற்கும் முயற்சிக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்பது கேள்வி. 2009இல் வெளியான பதில்: ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. அமெரிக்காவின் ஹூஸ்டனில், உயிருக்கே ஆபத்தான முயற்சியிலிருந்து மீண்ட 153 இளைஞர்களிடம் இதைப் போன்ற கேள்வி வைக்கப்பட்டது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் அவர்களுடைய துயரம் ஐந்து நிமிடத் துயரம் என்று ஆகிவிடாது. அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கலாம். அடுப்பில் பால் வெகுநேரம் சூடேறிக்கொண்டே இருக்கும், பொங்கி வழிவது மட்டும் சில நொடி. நெருப்பு நீண்டது, பொங்கல் குறுகியது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் ‘முடிவு பண்ணிட்டவன்’ என்று கல்லில் செதுக்கியதுபோலப் பேசிவிடுகிறோம்.

அந்தச் சில நிமிடங்களைக் கடந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? ரிச்சர்ட் சைடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தேடிப் போனார். 1937 முதல் 1971 வரை கோல்டன் கேட் பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் யார் உயிரோடிருக்கிறார்கள், இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று பதிவேடுகளில் பார்த்தார். 1978இல் வெளியான அவரது கணக்கின்படி ஏறத்தாழ 94 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே சித்திரம்தான் வந்தது: முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அதே பாலத்தில் இப்போது வலை இருக்கிறது. 2024 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது.

துப்பாக்கி ஏன் தனியாகக் கவலைப்பட வேண்டிய பொருள் என்பது இங்கேதான் விளங்கும். எல்லா வகைத் தற்கொலை முயற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் உயிர் போவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. துப்பாக்கி என்றால் பத்தில் ஒன்பது. மனம் மாறுவதற்கோ, யாராவது ஓடிவருவதற்கோ, மருத்துவர் கை வைப்பதற்கோ அது நேரம் தருவதில்லை. பிழைத்தபின் தற்கொலையால் இறக்காத அந்தப் பத்தில் ஒன்பது பேரின் வரிசையில் சேரும் வாய்ப்பையே அது எடுத்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த துப்பாக்கி

எண்ணிப் பார்க்கத் தோதான உதாரணம் இஸ்ரேல் இராணுவத்தில் கிடைக்கிறது. அங்கே 18 வயதில் கட்டாய இராணுவச் சேவை. வார நாட்கள் முகாமில். வெள்ளிக்கிழமை வந்தால் சப்பாத் ஓய்வுக்காகப் பல வீரர்கள் வீட்டுக்குப் போவார்கள். பேருந்து நிலையங்களில் தோளில் நீளத் துப்பாக்கியும் கையில் அழுக்குத் துணிப்பையுமாக நிற்கும் இளைஞர்கள் அந்நாட்டில் அன்றாடக் காட்சி. துப்பாக்கியும் அவர்களோடு வீட்டுக்கு வரும்.

2003க்கும் 2005க்கும் இடையில் இராணுவத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 28 வீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள். மிகப் பெரும்பாலானவை துப்பாக்கியால் நேர்ந்தவை. அவற்றில் கணிசமானவை வார இறுதியில், விடுப்பில் வீட்டிலிருந்தபோது நேர்ந்தவை. இதைக் கவனித்த இராணுவம் 2006இல் விதியை மாற்றியது: வார இறுதி விடுப்பில் போகிறவர் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். ஞாயிற்றுக்கிழமை திரும்பியதும் அதே துப்பாக்கி அதே கைக்கு வந்துவிடும்.

இராணுவ மனநல மருத்துவர் காத் லூபினும் உடனிருந்தோரும் பின்விளைவைக் கணக்கிட்டு 2010இல் வெளியிட்டார்கள். 2007, 2008 ஆண்டுகளில் சராசரி 16.5. இருபத்தெட்டிலிருந்து கழித்தால் ஆண்டுக்கு 11.5 உயிர். சதவீதமாகச் சொன்னால் ஏறத்தாழ 40.

இங்கே அவசரப்படாமல் சந்தேகப்பட வேண்டும். இராணுவத் தலைமை கவனம் செலுத்தத் தொடங்கியதும் ஆலோசனை வசதி கூடியிருக்கலாம். அதிகாரிகள் வீரர்களிடம் மேலும் பரிவாக நடந்திருக்கலாம். காலமே சற்று நல்லதாக இருந்திருக்கலாம். துப்பாக்கி விதிக்கு ஏன் எல்லாப் பெருமையும்?

விடை கிழமைகளில் இருக்கிறது. ஆலோசனையும் பரிவும் காரணமாக இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும்கூடத் தற்கொலை குறைந்திருக்க வேண்டும். வார நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. குறைவு வந்தது வார இறுதியில், அதுவும் துப்பாக்கியால் நேரும் மரணங்களில். எந்த இரண்டு நாட்களில் துப்பாக்கி கையில் இல்லையோ, அந்த இரண்டு நாட்களில்.

இதைவிட ஆழமான இன்னொரு விஷயமும் அதே எண்களில் மறைந்திருக்கிறது. ‘முடிவு பண்ணிட்டவன்’ என்ற வாதம் சரியென்றால், சனிக்கிழமை துப்பாக்கி கிடைக்காத வீரர் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தால் போதும். அலைய வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். முகாமே அதைக் கையில் கொடுத்துவிடும். அப்படிக் காத்திருந்திருந்தால் வார இறுதியில் குறைந்தது அப்படியே வார நாட்களில் ஏறியிருக்கும். ஏறவில்லை. சனிக்கிழமை இரவில் உயிரை விடத் துணிந்திருக்கக்கூடிய ஓர் இருபது வயது இளைஞர், திங்கட்கிழமை காலையில் துப்பாக்கியோடு அணிவகுப்பில் நின்றார். அதைத் தன் மேல் திருப்பவில்லை. ‘கருவி விலக்கல்’ பற்றிய பெரிய புத்தகங்கள் சொல்வதையெல்லாம் இந்த ஒரே கணக்கு சொல்லிவிடுகிறது.

ஆண்டுக்கு 28 என்பது சிறிய எண்தான். ஒரே இராணுவம், சில ஆண்டுகள். இதை மட்டும் வைத்து உலகத்துக்கெல்லாம் விதி எழுத முடியாது. அதனால்தான் இன்னொரு இராணுவத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேறு வழி தேடினார்களா?

சூரிச்சிலோ பெர்னிலோ வாழும் ஈழத் தமிழர்களுக்கு ரயிலில் துப்பாக்கியோடு பயணிக்கும் இளைஞர்கள் புதிதல்லர். சுவிட்சர்லாந்தில் சேவைக் காலம் முழுக்க இராணுவத் துப்பாக்கி வீட்டிலேயே இருப்பது நெடுநாள் வழக்கம். 2003இல் ‘இராணுவம் 21’ என்ற சீர்திருத்தம் வந்தது. படையின் அளவு பாதியானது, ஓய்வு பெறும் வயது 43இலிருந்து 33ஆக இறங்கியது, சேவை முடிந்தபின் துப்பாக்கியைச் சொந்தமாக்கிக்கொள்வதும் கடினமானது. ஆக, பல்லாயிரம் வீடுகளிலிருந்து துப்பாக்கி வெளியேறியது. இதுவும் செலவும் படைத் தேவையும் பார்த்துச் செய்ததுதான்.

தாமஸ் ரைஷ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இராணுவ வயதில் இருந்த ஆண்களை, சீர்திருத்தம் தொடாத பெண்களோடும் மூத்த ஆண்களோடும் ஒப்பிட்டது. இராணுவ வயது ஆண்களிடம் துப்பாக்கித் தற்கொலையும் குறைந்தது, மொத்தத் தற்கொலையும் குறைந்தது. மற்ற இரு பிரிவிலும் அந்தக் குறைவு தென்படவில்லை. வேறு வழிக்கு மாறினார்களா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது: குறைந்த துப்பாக்கி மரணங்களில் 22 சதவீதத்தின் இடத்தை மட்டுமே வேறு வழிகள் நிரப்பின. நூறில் 78 பேருக்கு அது தள்ளிப்போன சாவு அல்ல, தவிர்ந்த சாவு. இருந்தும், இராணுவத் துப்பாக்கிகளைக் கிடங்கில் பூட்ட வேண்டும் என்ற யோசனை 2011 பிப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது 56 சதவீதம் பேர் மறுத்துவிட்டார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களே மனம் உடைந்தவர்களாக இருந்தால்? அப்படியானால் துப்பாக்கிமீது பழி போடுவது தவறாகிவிடும். கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பெரியவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2020இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராத ஆண்களைப்போல் சுமார் 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. ஆனால் மற்ற வழிகளில் நேரும் தற்கொலை இவர்களிடம் கூடுதலாக இல்லை. மனம்தான் காரணம் என்றால் எல்லா வழிகளிலும் கூடியிருக்க வேண்டும். கூடியது துப்பாக்கி வழி மட்டுமே.

பூட்டு, காலி, தனி, மறுபூட்டு

இராணுவம் கட்டளையிட்டால் துப்பாக்கி முகாமில் நின்றுவிடும். சொந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் குடும்பம் என்ன செய்வது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வீட்டுக்காரர்களிடம் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்கள்: துப்பாக்கி பூட்டியிருக்க வேண்டும். அதற்குள் தோட்டா இருக்கக் கூடாது. தோட்டாக்கள் வேறிடத்தில் இருக்க வேண்டும். அந்த இடமும் பூட்டியிருக்க வேண்டும்.

இந்த நான்கையும் சியாட்டிலைச் சேர்ந்த டேவிட் கிராஸ்மன் குழு 2005இல் சோதித்துப் பார்த்தது. இருபது வயதுக்குட்பட்டவர்கள் வீட்டுத் துப்பாக்கியால் தங்களைச் சுட்டுக்கொண்ட, அல்லது தவறுதலாகச் சுடப்பட்ட 106 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவை தற்கொலை அல்லது தற்கொலை முயற்சி. பக்கத்திலேயே, பிள்ளைகளும் துப்பாக்கியும் இருந்தும் எதுவும் நேராத 480 வீடுகளை வைத்து, இரு தரப்பிலும் துப்பாக்கி எப்படி இருந்தது என்று கேட்டார்கள். துப்பாக்கி பூட்டியிருந்தாலோ காலியாக இருந்தாலோ ஆபத்து சுமார் 70 சதவீதம் குறைவு. தோட்டா பூட்டியிருந்தால் ஏறத்தாழ 60 சதவீதம், தனியாக வைத்திருந்தால் பாதிக்குச் சற்று மேல். நான்கு பழக்கங்களும் தனித்தனியே காத்தன.

பூட்டு என்றால் எந்தப் பூட்டு? மலிவானது கேபிள் லாக்: துப்பாக்கியின் உள்ளே நுழைத்துப் பூட்டும் உறையிட்ட இரும்புக் கம்பி. அது இருக்கும்வரை தோட்டா போட முடியாது. முன்னாள் படைவீரர்களுக்கு அமெரிக்க அரசுத் துறை இதை இலவசமாகவே தருகிறது. அடுத்தது விசையை மூடும் டிரிகர் லாக். அப்புறம் எண் அழுத்தியோ விரல் வைத்தோ திறக்கும் கைப்பெட்டி. கடைசியாக ஆளுயர இரும்புப் பெட்டகம்.

“நடுராத்திரி திருடன் வந்தால் பெட்டியைத் திறந்துகொண்டா நிற்பது?” என்பது அங்கே எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. அதை அலட்சியப்படுத்தக் கூடாது; பயத்தால்தானே பலர் துப்பாக்கியே வாங்குகிறார்கள். சில நொடியில் திறக்கும் கைப்பெட்டிகள் வந்தது அவர்களுக்காகத்தான். ஆனாலும் வராத திருடனுக்காகத் தலைமாட்டில் திறந்து கிடக்கும் துப்பாக்கி, அதே வீட்டின் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அதே தலைமாட்டில்தான் கிடக்கிறது. 2015இல் எடுத்த கணிப்பின்படி, தோட்டா போட்டுப் பூட்டாமல் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்க வீடுகளில் வாழ்ந்த பிள்ளைகள் 46 லட்சம்.

சாவி யார் கையில்?

அலபாமா மாநிலக் கிராமப்புற மருத்துவமனை ஒன்றில், துப்பாக்கி வைத்திருக்கும் பெற்றோரையும் அவர்கள் பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசினார்கள். ‘துப்பாக்கி எங்கே இருக்கிறதென்று என் பிள்ளைக்குத் தெரியாது’ என்றார்கள் பல பெற்றோர். அவர்களில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் அந்த இடத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 2006இல் இந்த முடிவு வெளியானது. அலமாரியின் மேல்தட்டும் துணி அடுக்கின் அடியும் ஒளிவிடமே ஆகாது. பிள்ளைகள் வீட்டை அறிவதுபோல் பெரியவர்கள் வீட்டை அறிவதில்லை.

பூட்டின் பலம் இரும்பில் இல்லை, சாவி இருக்கும் இடத்தில் இருக்கிறது. இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுத் தந்த நாடு இலங்கை. அங்கே சிக்கல் பூச்சிமருந்து. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. கொடிய நச்சுள்ள மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஒரு மதிப்பீடு.

மிஞ்சிய மருந்தை என்ன செய்வது? வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுக்கலாம் என்ற யோசனை பிறந்தது. அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்கள், 53,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி, மீதிக்கு இல்லை. 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தபோது பெட்டி வாங்கிய கிராமங்களும் வாங்காத கிராமங்களும் ஒன்றாகவே இருந்தன. பெட்டி பயன் தரவில்லை.

பூட்டின்மேல் நம்பிக்கை வைத்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. மூடி மறைக்காமல் வெளியிட்டது அறிவியலின் நேர்மை. இப்போது காரணத்தை யோசிக்கலாம். இலங்கைக் கிராமத்தில் பூச்சிமருந்தை எடுத்தவர் பெரும்பாலும் வயதுவந்தவர். சாவி அவரிடமே இருக்கும், அல்லது எங்கே தொங்குகிறதென்று அவருக்குத் தெரியும். முந்தைய சிறு ஆய்வொன்றில் தெரியவந்த இன்னொரு விபரீதமும் உண்டு: அதுவரை வயலோரம் மருந்தை வைத்திருந்த சிலர், பெட்டி கிடைத்ததும் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தூரம் கூடுவதற்குப் பதில் குறைந்துவிட்டது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்தது வேறு. இரண்டு கிராமங்களில் வீட்டுக்கு வெளியே பொதுக் கிடங்கு கட்டினார்கள். உள்ளே வங்கி லாக்கர்போல விவசாயிக்கு ஓர் அறை. பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நள்ளிரவில் மனம் வெதும்பி எழுந்தால் மருந்து எட்டும் தூரத்தில் இல்லை. போனாலும் நடுவில் இன்னொரு மனிதர் இருக்கிறார். சிறிய ஆய்வுதான். ஆனால் அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்தால் துப்பாக்கி விஷயம் தெளிவாகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குள் பூட்டுவது நன்றாக வேலை செய்யும், சாவியும் எண்ணும் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தால். ஆபத்தில் இருப்பவர் சாவிக்குச் சொந்தக்காரரே என்றால், அவர் பெட்டி அவருக்கே தடையாகாது. அப்போது சாவியாவது எண்ணாவது வேறொருவரிடம் போக வேண்டும். அதைவிட நல்லது, கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியே வீட்டைவிட்டுப் போவது.

கடைக்காரர் எழுப்பிய கேள்வி

2009. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினார்கள். மூவரும் சில மணி நேரத்துக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். செய்தி கடை உரிமையாளர் ரால்ஃப் டெமிக்கோவுக்குப் போனபோது அவர் நிலைகுலைந்தார். துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்பதில் ஐயமே இல்லாதவர் அவர். என்றாலும் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருந்த எலைன் ஃபிராங்க், ஹார்வர்டின் கேத்தரின் பார்பர் ஆகியோரோடு சேர்ந்து உட்கார்ந்தார். கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத்தினரும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

அங்கே சட்டம் எதுவும் கேட்கப்படவில்லை. வாங்க வருபவர் நிலைகுலைந்து தெரிந்தால், துப்பாக்கியைப் பராமரிப்பது பற்றி அக்கறை காட்டாவிட்டால், விற்காமல் பேச்சுக் கொடுப்பது எப்படி என்று கடைக்காரர்களுக்கே அவர்களுடைய மொழியில் குறிப்பு எழுதினார்கள். வாடிக்கையாளர்களுக்கான சுவரொட்டி சொன்னது இது: நண்பர் மனம் உடைந்திருந்தால், மீளும்வரை அவர் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் மாநிலத்தின் ஏறக்குறைய பாதிக் கடைகளில் இந்தத் தாள்கள் இடம்பிடித்தன. இன்று பல மாநிலங்களில் இதன் வழிவந்த திட்டங்கள் நடக்கின்றன. தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகளின் வரைபடம் கொலராடோ மாநிலத்துக்கென்று இணையத்தில் இருக்கிறது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டப் போகும் நண்பரிடம் சாவியைப் பிடுங்கி வைப்பதை அமெரிக்கர்கள் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறை ஆனது. துப்பாக்கியிலும் அது நடக்கும் என்று பார்பர் போன்றவர்கள் நம்புகிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு ‘தற்காலிக ஒப்படைப்பு’ அந்நியமான எண்ணமல்ல. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவதும், வாக்கு எண்ணி முடித்தபின் திரும்புவதும் இங்கே வழக்கம். பதற்றமான காலம் முடியும்வரை மட்டும். உரிமை போய்விட்டதாக யாரும் அழுவதில்லை.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘உயிரை விடலாம்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் பரவலானது. ஆய்வுகள் அதை மறுக்கின்றன. கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை, பலருக்குச் சுமை இறங்குகிறது. அதே பேச்சில் துப்பாக்கியைப் பற்றியும் கேட்கலாம். “நீ தேறுற வரைக்கும் அது என் வீட்ல இருக்கட்டும்டா, அப்புறம் நானே கொண்டுவந்து தரேன்” என்பதில் அவமானம் எதுவும் இல்லை. நண்பரிடம் துப்பாக்கியைக் கைமாற்றும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பம் துப்பாக்கி வாங்காததாக இருக்கலாம். ஆனால் பிள்ளை பள்ளி முடிந்து போகும் நண்பன் வீட்டில் இருக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோரிடம் சொல்வது எளிது: பிள்ளையை அனுப்புமுன், ஒவ்வாமை பற்றி, நாய் பற்றி, நீச்சல்குளம் பற்றிக் கேட்பதுபோல, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும். தன் பிள்ளையின் மனம் வாடியிருக்கும் நாட்களில் இந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே மனம் அந்த விளிம்பில் இருந்தால், அருகில் இருக்கும் ஆபத்தான பொருளை விட்டு எழுந்து, நம்பகமான ஒருவர் இருக்கும் அறைக்குப் போய் அமர்ந்து, தொலைபேசியை எடுக்க வேண்டும். இந்தியாவில் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926, அமெரிக்காவில் 988 ஆகிய எண்களில் பேச ஆள் இருக்கிறார்கள்.